துடக்கு வீட்டுத் திரை

1996 மாசி மாதம். என் மகள் பிறந்து மூன்றாவது கிழமை. கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. எனக்குத் துணையாக புலம்பெயர்ந்து வந்த எங்கள் மல்வேர்ன் வீட்டில் வந்து நின்றவர் கணவரின் அக்கா, என் மச்சாள்.

"எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதானே. ஜன்னலடியில வெயில் பிடியும்," என்றார்.

பிடித்தேன். கண்ணாடிக்கு வெளியே பனி குவிந்து கிடந்தது. மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. மலமும் வெளுத்துப்போய், அரிசிமாவைக் கரைத்ததுபோல் இருந்தது. தாய்ப்பாலுக்கு அப்படித்தான் போகும் என்றார் மச்சாள்.

கும்பிடலாமென்றால் துடக்கு, பிள்ளைப்பேற்றுத் தீட்டு. பிள்ளை பிறந்த வீடென்று சாமித்தட்டைத் திரை போட்டு மூடியிருந்தார்கள்.

"முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் திரையைத் தொடாதையும்," என்றார் மச்சாள்.

தொட்டேன். இழுத்துத் திறந்தேன். "அம்மாளாச்சி, துடக்கு எனக்குத்தான், உனக்கில்லை. நீயும் தாய்தானே? வழியைக் காட்டு." கோபத்தோடுதான் கும்பிட்டேன். நிமிர்ந்தபோது மனதில் அந்த வெளுத்த நிறம் மட்டுமே நின்றது. அழுக்கு டயப்பரை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் டயப்பரைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாயில் கல். கைக்குழந்தைக்கும் அபூர்வமாக வருமாம். பித்தம் குடலுக்கு இறங்காததால்தான் மலம் வெளுத்ததாம். கல் நகராவிட்டால் ஒப்பரேஷன் என்றார்.

"துடக்கோட திரையை இழுத்தீர். அதுதான்," என்றார் மச்சாள்.

"கல்லு அதுக்கு முன்னமே இருந்தது மச்சாள்," என்றேன். அந்தப் பழியை நான் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்து கும்பிட்டுக்கொண்டே இருந்தேன். அம்மனை விடுவதாக இல்லை.

ஒப்பரேஷனுக்குக் குறித்த நாள் காலையில் டயப்பர் மாற்றினேன். நல்ல மஞ்சள் மலம். நர்ஸைக் கூப்பிட்டேன். திரும்ப ஸ்கேன் எடுத்தார்கள். கல் தானாக இறங்கிப் போய்விட்டது. அந்த டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

தானாகத்தான் போனது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். போக்கியவள் யாரென்று எனக்குத் தெரியும்.

இப்போது பிள்ளை பிறந்த எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மலத்தின் நிறத்தைத்தான் கேட்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். தாய்மாரே, துடக்கென்று அம்மனைவிட்டுத் தள்ளி நிற்காதீர்கள். கும்பிடுங்கள். கும்பிட்ட கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். அவள் கூடவே வருவாள்.

எங்கள் சாமித்தட்டுக்கு அன்றிலிருந்து திரை இல்லை.