சண்டை எழுதிய கொப்பி

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் படிப்பு வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக இருக்கவிட்டு வந்த எனக்கு, அது போன மாதம்தான் விளங்கியது.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு நான் தலைவர். சிரிக்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்தன்று ஓட்டோவில் ஆள் ஏற்றிக்கொண்டு தெல்லிப்பழைக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்கு வராதவனைத்தானே நாங்கள் தலைவராகப் போடுவோம்?

மீளக்குடியேறிய எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் வீடு கட்டித் தருகிறது. முதல் பத்து வீடு முடிந்துவிட்டது. அடுத்த எட்டு வீட்டுக்கு ஓர் அங்கீகாரம் வேண்டுமாம். நிறுவனமும் ஊர்ச் சங்கங்களும் உண்மையாகவே சேர்ந்து வேலை செய்கின்றனவா, இல்லை போட்டோவுக்கு மட்டும் சேர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார். அவர் சரி என்றால் எட்டு வீடு. இல்லையென்றால்... ஒன்றுமில்லை.

அந்த எட்டில் ஒன்று ஜெயராணியுடையது. மாதர் சங்கச் செயலாளர். புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறாள். மழை பெய்தால் பிள்ளைகளின் புத்தகங்கள் அயல் வீட்டுக்கு நித்திரைக்குப் போகும். முதல் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. வயதானவர்கள் முதலில் போகட்டும் என்று தானாகப் பின்னுக்கு நின்றவள்.

அவளுடைய வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

கூட்டங்களை எழுதும் கொப்பியைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் சண்டை! அதிகாரி கண்டால் என்ன ஆகும்? கம்பஸில் படிக்கும் என் மருமகளைப் பிடித்து, புதுக் கொப்பியில் எல்லாவற்றையும் திரும்ப எழுதவைத்தேன். முத்து முத்தான எழுத்து. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரே வசனம் — ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.’ பழையதை அடுப்பில் போடச் சொல்லி ஜெயராணியிடம் கொடுத்தேன்.

அதிகாரி வந்தார். இளம் பெண். நிறைகுடம் வைத்தோம். மாலை போட்டோம். வந்த ஒருவருக்கு நான்கு பேர் வரவேற்புரை. அவர் பொறுமையாக இருந்து கேட்டுவிட்டுக் கொப்பியைத் திறந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம்... கடைசிப் பக்கம் வரை போனார்.

“ஒரு வருசமா ஒரு சண்டையும் வரேல்லையோ அண்ணை?”

எங்கள் ஊர்ச் சனம் நல்ல அமைதியான சனம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “அப்ப நீங்கள் ஆளையாள் சந்திக்கவே இல்லைப் போல” என்று பேனையை மூடினார்.

போச்சு! எட்டு வீடும் என் தலையில் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. இன்னும் கட்டாத வீடு எப்படி இடியும் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் பின் வரிசையில் இருந்து ஜெயராணி எழும்பினாள்.

“வீடு கிடைக்காட்டிலும் பரவாயில்லை மிஸ். நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள். எழுதியும் வச்சிருக்கிறம்.”

அவள் பழைய கொப்பியை எரிக்கவில்லை. சீலைத் தலைப்புக்குள் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தாள். அதிகாரி சத்தமாகவே வாசித்தார்.

‘கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி. ஜெயராணி மறிப்பு. நிறுவன எஞ்சினியர் கோபித்துக்கொண்டு போனார். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று தலைவர் சொன்னார்.’

அடுத்த கிழமை: ‘எஞ்சினியர் வந்து அளந்து பார்த்தார். பிழை எங்களுடையது என்றார். குழி பின்வளவுக்கு மாற்றம்.’

இன்னொரு பக்கம்: ‘புதுச் சுவருக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடாததால் வெடிப்பு. பிழை ஊராருடையது. நாளையிலிருந்து தண்ணீர் விடத் தலைவர் ஒப்புக்கொண்டார்.’ அதன் கீழே: ‘தலைவர் வரவில்லை.’

சபை சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. இது உண்மையா என்று அதிகாரி எஞ்சினியரைப் பார்த்துக் கேட்டார். ஓம் என்றான் அந்தப் பெடியன். தான் கோபித்துக்கொண்டு போனதையும் மறைக்கவில்லை.

“இந்தக் கொப்பியைப் பாக்கத்தான் அண்ணை நான் வந்தனான்” என்றார் அதிகாரி. என் முத்தெழுத்துக் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டார்.

சண்டையே வராத கூட்டு வேலையில், ஒன்று எல்லோரும் பயந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒருவரும் கூட்டத்துக்கு வருவதில்லை. இரண்டிலும் வீடு எழும்பாது. இது எனக்கு ஐம்பது வயதில் ஏறியிருக்கிறது. லேட்தான்...

அங்கீகாரக் கடிதம் வந்து, இந்தக் கிழமை ஜெயராணியின் வளவில் அத்திவாரத்துக்குக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டி முடிந்ததும், பிள்ளைகள் படிக்கும் அறைக்குக் காலை வெளிச்சம் வராது, அறையைக் கிழக்குப் பக்கம் மாற்ற வேண்டும் என்று அவள் தொடங்கினாள். எஞ்சினியர் இந்த முறை கோபிக்காமல் கேட்டான். பிறகு குனிந்து ஒரு முடிச்சை அவிழ்த்தான். பிள்ளைகள் இரண்டும் கயிற்றுக்குள் போய், இன்னும் வராத சுவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார்கள்.

வாய் திறந்து சொன்னவளுக்கு நன்றி. காது கொடுத்துக் கேட்டவனுக்கு நன்றி. அழகான எழுத்தை நம்பாத அந்த மிஸ்ஸுக்கும் நன்றி.

என்னைத் தலைவராக வைத்துக்கொண்டும் வீடு கட்டுகிறார்களே... அதற்குத்தான் பெரிய கும்பிடு!