கோடையில் ஏரி எங்கே போகிறது: மணிமங்கலம் பக்கம் ஒரு பயணம்

"ஒரகடம் பக்கம் பார்க்க என்னதான் இருக்கிறது, கம்பெனிகளைத் தவிர?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐயா, ஏரி இருக்கிறது! எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம், தண்ணீர் ஆய்வுக்கூடத்து உதவியாளனாக நான் அங்கே போய் வாயைப் பிளந்த கதை இது.

தாம்பரத்தில் காலை ஆறரைக்கு ஜீப் ஏறினோம். மணிமங்கலம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ரோடு இருந்த அழகில் ஒரு மணி நேரம் ஆயிற்று. அதைத் தாண்டி ஒரு சின்ன ஊர். ஏரி பொட்டலாகக் கிடந்தது. காய்ந்த ஏரி எதற்கு, மண் கொட்டித் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் பேச்சு. ஏரிக்கரையோரம் கழனி வைத்திருந்த கஸ்தூரியம்மாவின் கிணற்றில் மட்டும் ஓர் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. அது ஏரித் தண்ணீர்தான் என்றார் அவர். மழைத் தண்ணீர் நேராகப் பூமிக்குள் இறங்கி ஊறுவது, ஏரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது ஊர். அவர் சொல்வது சரியாக இருந்து ஏரியையும் மூடிவிட்டால், கிணறும் கழனியும் போச்சு. எங்கள் ஆய்வுக்குக் கிணற்றுத் தண்ணீர் தேவை, ஊருக்கு ஒரு தீர்ப்பு தேவை. போனோம்.

நாங்கள் முகம் கழுவி வருவதற்குள் கஸ்தூரியம்மா, ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்க நாங்கள் கொண்டுபோன பாட்டிலை நிரப்பி நீட்டினார். சில்லென்று இருந்தது.

"கெணத்துத் தண்ணியாம்மா இது?"

"கெணத்துதுதான் சார். நேத்து மொண்டு பானையில வெச்சேன். வெயில்ல வந்துகீறீங்க, சூடாவா குடுப்பாங்க?"

தலையில் கை வைத்துக்கொண்டேன். தண்ணீரில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. வெயிலில் லேசானது முந்திக்கொண்டு ஆவியாகும், கனமானது தங்கிவிடும். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த ஏரித் தண்ணீரில் அந்தக் கனம் ஏறியிருக்கும். பெய்ததும் மண்ணுக்குள் இறங்கிய மழையில் அவ்வளவு இருக்காது. எங்கள் கருவி அளப்பது இதைத்தான். வியர்க்கும் மண்பானை செய்வதும் ஏரி செய்வதும் ஒரே வேலை! பானைத் தண்ணீரை அனுப்பினால் எந்தக் கிணறும் ஏரி மாதிரியே தெரியக்கூடும்.

இதைக் கஸ்தூரியம்மாவிடம் சொன்னேன். அவருக்குச் சாதகமான பாட்டில் அது.

"குடுங்க சார்," என்று வாங்கிக் கவிழ்த்தார். "பொய்த் தண்ணிய வெச்சிகினு ஊர் முன்னால எப்டி நிக்கிறது?"

அவரே கிணற்றில் வாளியை விட்டார். விளிம்புவரை நிரப்பி இறுக மூடினோம்.

முடிவு வர மூன்று மாதம் ஆயிற்று. ஏரி வற்றும் முன், பங்குனியிலேயே எங்கள் கூடத்தார் எடுத்து வைத்திருந்த ஏரித் தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீர் கனத்தில் ஒத்துப்போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் பட்ட வெயிலைத் தண்ணீர் மறப்பதில்லையே, அடேயப்பா! நானே போய் ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். மண் கொட்டும் பேச்சு அன்றோடு நின்றது.

போகிறவர்கள் தை மாதத்தில் போங்கள், ஏரி ததும்பும். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் நிழல் குறைவு. மே மாதம் போய்ப் பொட்டலைப் பார்த்து ஏமாந்தீர்களானால், அன்று கூட்டத்தில் கஸ்தூரியம்மா எழுந்து கேட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்:

"ஏரி காஞ்சிப்போச்சுன்னு யாருய்யா சொன்னது? அது என் கெணத்துல கீது."