கறுப்பு அட்டை ஒட்டிய நிலா

தென்காசியில் எனக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை. காதுகுத்து, கல்யாணம், கட்சி பேனர் எல்லாம் வரும் என்றாலும் கடையைத் தாங்குவது கண்ணீர் அஞ்சலிதான். செத்தவர்களுக்கு நான் செய்யாத உபகாரம் கிடையாது. மூடிய கண்ணைத் திறந்து வைப்பேன். பனியனோடு நிற்பவருக்குச் சட்டை மாட்டுவேன். படத்தில் எது இல்லையோ அதைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுத்து நிரப்புவது என் கை தானாகச் செய்கிற வேலை.

என் மனைவி அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒருநாள் பென் டிரைவில் ஒரு படம் கொண்டுவந்தாள். நெப்டியூனைச் சுற்றுகிற ட்ரைட்டன் என்ற நிலா. ஒரே ஒரு விண்கலம், ஒரே ஒரு தடவை, போகிற போக்கில் எடுத்த படங்களைச் சேர்த்து ஒட்டியது. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, அடுத்து முலாம்பழத் தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு, அதற்கப்பால் வெறும் கறுப்பு. வகுப்பில் மாட்ட மூன்றடியில் வேண்டும் என்றாள்.

பிள்ளைகள் பார்க்கிற படம், மூளியாக இருப்பானேன் என்று கறுப்பை எல்லாம் நிரப்பி முழு நிலாவாக அடித்துக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்துவிட்டு அப்படியே சுருட்டினாள்.

“அங்கன இன்னும் யாரும் போய்ப் பாக்கலங்க. பாக்காத இடத்துக்கு நீங்களா மண்ணப் போட்டு வச்சா எப்படி?”

தென்காசியிலிருந்து யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வேறு அடித்துத் தரச் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்றே கடத்தினேன். கடைசியில் அவளே கறுப்பு சார்ட் அட்டையை வெட்டி, நான் நிரப்பிய பக்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் எந்தப் படமும் கேட்கவில்லை.

போன வருஷம் மார்பில் கட்டி வந்து, எட்டே மாதத்தில் போய்விட்டாள்.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். கல்யாண ஆல்பத்தில் இருந்தது பவுடர் பூசிய வேறு யாரோ. பிற்காலத்தில் கேமராவைக் கண்டாலே விலகிவிடுவாள். மிஞ்சியது இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தருவியில் நான் போனில் எடுத்த ஒன்று. குளித்துக் கரையேறி, துண்டால் தலை துவட்டியபடி சிரிக்கிறாள். துண்டு முகத்தின் இடது பாதியை மறைத்திருந்தது. எனக்கு அது ஒரு வேலையா? வலது பாதியைத் திருப்பி இடது பக்கம் வைத்தேன். பத்து நிமிஷத்தில் முகம் முழுதாகிவிட்டது. சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மகள் படத்தில் இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். “அம்மாவுக்கு இந்தப் புருவத்துல வெட்டு இருக்கும்லாப்பா?” என்றாள்.

இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் அதே ஐந்தருவியில் பாசி வழுக்கி, இரும்புக் கம்பியில் அடிபட்டது. ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் ரத்தத்தைப் பொத்திக்கொண்டு போனவன் நான். அந்தத் தழும்புக்காகத்தான் அவள் கேமராவுக்கு விலகினாள். அதை நானே அழித்திருக்கிறேன்.

திரும்பக் கடைக்குப் போய்த் தழும்பை வரைய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. சாய்வாக இருந்ததா, நேராகவா? புருவத்தைத் தாண்டியதா, நடுவிலேயே நின்றதா? மகளுக்குப் போன் போட்டேன். ஒன்று சொன்னாள், பிறகு மாற்றிச் சொன்னாள், பிறகு அழுதாள். நாலு வருஷம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இனி ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. யாரும் இல்லாத கடையில் வாய்விட்டு அழுதேன்.

பிறகு போனில் இருந்த படத்தை ஒன்றும் தொடாமல், துண்டோடு அப்படியே அடித்தேன்.

பதினாறு அன்று சொந்தக்காரர்கள் படத்தைப் பார்த்துக் காதைக் கடித்துக்கொண்டார்கள். அவளுடைய அக்காதான் நேரே வந்து கேட்டாள். “வேற படமே கெடைக்கலியா? ஏன் பாதி மூஞ்சிய மூடிப் போட்டிருக்கீய?”

“என்கிட்ட இருக்கது அவ்வளவுதான் மைனி” என்றேன்.