லைசென்ஸில் இருந்த பெயர்

ரேடியோவைப் பற்றி உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். "அந்தக் காலத்துக் கொழும்பு ஸ்டேஷன் மாதிரி வருமா?" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். டிவியும் எனக்கு ஒத்து வரவில்லை. எங்கோ பஸ் கவிழ்ந்ததைச் சொல்லி முடித்த அதே முகத்தோடு நாளைக்கு மழை வருமா வராதா என்று சொல்கிறார்கள். அம்மாவுக்கு நியூஸ் என்றாலே ஆகாது என்று என் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஆகாதுதான். ஏன் என்று அவர்களிடம்கூட நான் ஒழுங்காகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு காரைக்குடியில் இருந்தது. அப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். அறுபதுகளின் தொடக்கத்தில், நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, கடைசியாக வந்தார். அந்தத் தடவை ஒரு ரேடியோப் பெட்டி கொண்டுவந்தார். தெருவில் வேறு யார் வீட்டிலும் ரேடியோ இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதெல்லாம் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். போஸ்டாபீசில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள், வருஷா வருஷம் அதைக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். அப்பா தன் பெயரில் அதை எடுத்து, அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கடிதம் மாதம் ஒன்று என்பது வருஷம் ஒன்று என்றாகி, அதுவும் நின்றது. கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே, "அவுகளுக்கு அங்குட்டு ஒரு குடும்பம் ஆயிருச்சு" என்று சொன்னார். அம்மா அவரைக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பெரிய வீடுகளில் கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி என்றால் பலகாரம் செய்ய அவளைக் கூப்பிடுவார்கள். சீடையும் மணகோலமும் அவள் கையில் அப்படி வரும். அதை வைத்துத்தான் எங்கள் பாடு நடந்தது. எது தவறினாலும் ஒன்று தவறாது. தை பிறந்தால் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போஸ்டாபீசுக்குப் போய்விடுவாள். அங்கிருந்த குமாஸ்தா ஒவ்வொரு வருஷமும் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவுக எங்க இருக்காக?" என்று கேட்பார். "கொழும்புல இருக்காக" என்பாள். அவர் முத்திரை குத்திக் கொடுப்பார். என்னையும் கூட்டிக்கொண்டு போவாள் என்பதால் இது எனக்கு மனப்பாடம்.

எல்லோரும் கொழும்பு ஸ்டேஷனைப் பாட்டுக்காகக் கேட்டார்கள். அம்மா மரண அறிவித்தலுக்காகக் கேட்டாள். மத்தியானத்தில் அந்த ஸ்டேஷனில் செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். எந்த ஊரில் பிறந்தவர், எந்த ஊரில் இருந்தவர், யாருடைய அன்புக் கணவர், யார் யாருடைய பாசமிகு தந்தை, தகனம் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒன்று விடாமல் சொல்வார்கள். கடைசியில் ஒரு வாசகம் வரும்: "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

நான் அதை அச்சு அசலாகச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் யாருடைய பேனாவாவது தொலைந்தால், "நேற்றுக் காலமான பச்சைப் பேனா, கணக்கு நோட்டின் அன்புத் துணையும்..." என்று மூக்கால் இழுப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். வீட்டில் அம்மாவிடம் மட்டும் என் சாமர்த்தியம் செல்லாது. வேறு ஸ்டேஷனில் நல்ல பாட்டு ஓடுகிற நேரத்தில் இப்படிச் சாவுப் பட்டியல் கேட்க வேண்டுமா என்று ஒருநாள் சண்டை போட்டேன். அப்போது சொன்னாள்.

"எனக்குக் கடுதாசி போட அங்குட்டு யாரு இருக்காக? அவுக இருக்காகளா இல்லையான்னு இந்தப் பொட்டி சொன்னாத்தான் உண்டு."

நான் பத்தாவது படித்த வருஷம் ஒரு சனிக்கிழமை அந்தப் பெட்டி சொன்னது. அம்மா அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். "காரைக்குடியைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று வந்ததும் அம்மாவின் கை நின்றது. அடுத்து அப்பாவின் பெயர் வந்தது. அதற்கடுத்து, இன்னாருடைய அன்புக் கணவரும் என்று ஒரு பெண்ணின் பெயர். அது அம்மாவின் பெயர் இல்லை. பிறகு பாசமிகு தந்தையும் என்று மூன்று பிள்ளைகளின் பெயர்கள். இரண்டாவதாக வந்தது என் பெயர்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். என் பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்த செய்தியில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள், நம்மை மறக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்பாவைப் பெற்றவளின் பெயர் அது. மகளுக்குத் தன் தாயின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே பிறந்த பெண்ணுக்கும் அவர் அதையே வைத்திருக்கிறார். அவருக்குப் பெயருக்குக்கூடப் புதிதாக யோசிக்கத் தோன்றவில்லை. இன்று வரை இதற்கு மட்டும் நான் அவரை மன்னிக்கவில்லை.

அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று முடித்துவிட்டு, அடுத்த ஆளின் சாவுக்குப் போனார்கள். அம்மா மிச்சக் கத்தரிக்காயையும் நறுக்கித் தண்ணீரில் போட்டாள். "பாட்டு வேணும்னா வச்சுக்க" என்றாள். நான் ரேடியோவை அணைத்தேன்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையிலும் அதே ஸ்டேஷன்தானே ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அம்மா நெற்றியில் குங்குமத்தோடு நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வந்தவர்களுக்கு அழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், நல்ல மனுஷர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி போயிட்டான் தாயி. நடக்க வேண்டியதப் பாக்கணும்ல" என்றார். தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

"ரேடியோவுல சொன்னதக் கேட்டீகளா?" என்றாள் அம்மா.

"கேட்டுத்தான வாரேன்."

"முழுசாக் கேட்டீகளா?"

"முழுசாத்தான் கேட்டேன்."

"பொண்டாட்டின்னு யாரு பேரச் சொன்னாக?"

பெரியப்பா தரையைப் பார்த்தார்.

"அப்ப தாலியக் கழட்ட வேண்டியது அவ. ரேடியோ சொன்னபடி பாத்தா, செத்தவுகளுக்கு நான் யாரும் இல்ல. அத நம்புறதா இருந்தா முழுசா நம்புங்க, இல்லைன்னா விட்டுருங்க. பாதிய மட்டும் அத்து எடுத்துட்டு வந்து எந்தலையில ஏன் வைக்கிறீக?"

பெரியப்பா தான் மட்டும் போய் ஊருணியில் தலை முழுகிவிட்டு வந்தார். எனக்கு அம்மாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான் துப்பில்லை.

பதில் சொல்ல முடியாத ஊர் வேறு விதமாகப் பேசியது. விசேஷ வீட்டில் சந்தனக் குங்குமத் தட்டு அம்மா வரைக்கும் வந்து, அவளைத் தாண்டி அடுத்தவளிடம் போகும். விதவை என்று ஒதுக்கவும் இல்லை, சுமங்கலி என்று சேர்க்கவும் இல்லை. கல்யாணப் பலகாரத்துக்குக் கூப்பிடுகிற வீடுகள் குறைந்தன. கூப்பிட்டவர்களும், "அடுப்பு மட்டும் வேற ஆளு பத்த வைக்கட்டும்" என்றார்கள். அம்மா கார்த்திகைக்குக் கார்த்திகை பஸ் ஏறிக் குன்றக்குடி மலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது. நீட்டிய கையில் குங்குமம் போடுவார்கள். தை மாதம் போஸ்டாபீசில் குமாஸ்தா கேட்பார், "கொழும்புல இருக்காக" என்பாள். மரண அறிவித்தல் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்துப் பள்ளத்தூரில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயதில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பேச்செல்லாம் முடிந்த பிறகு, ஒருநாள் மத்தியானம் அவருடைய அம்மா என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"ஒங்க அப்பா இருக்காகளா, இல்லையா? ஊருல ரெண்டு விதமாச் சொல்றாக. எங்களுக்கு எதுன்னாலும் சரிதான். நாளைக்கு எங்க சனம் கேட்டா நான் ஒண்ணச் சொல்லணும்ல?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நானும் அம்மா மாதிரி அவரை மடக்கியிருக்கலாம். அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அப்போது அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது.

"இல்ல. இறந்துட்டாக" என்றேன்.

"அப்ப பத்திரிகையில அப்படியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

பத்திரிகைக்கு அம்மா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' என்று போட்டிருந்தாள். அச்சாபீசில் புரூஃப் பார்க்கப் போனது நான். பென்சிலை வாங்கி, அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று எழுதினேன். எழுத்துக் கோர்க்கிறவர் பார்த்துவிட்டு, "வரியில இடம் பத்தாதும்மா, திருவை எடுத்துரவா?" என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். பெற்ற மகள் வாயால் சொல்ல முடியாததை அச்சுக்குச் சொல்ல விட்டேன். ரேடியோவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு புதன்கிழமை பத்திரிகைக் கட்டு வந்தது. முதல் பத்திரிகை சாமிக்கு. அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு மூலையில் தடவினாள். இரண்டாவது மூலைக்குப் போகும்போது கண் அந்த வரியில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி உதடு அசைந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தாம்மா."

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். பெரியப்பாவைக் கேட்ட மாதிரி என்னையும் நாலு கேள்வி கேட்பாள், பதில் சொல்ல முடியாமல் அழுதுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் மஞ்சள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப இத நான் தொடக் கூடாது. எதிர்வீட்டு அக்காவக் கூப்பிட்டுத் தடவச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று மணவறைப் பக்கமே வராமல், பந்தி நடக்கிற இடத்தில் நின்று இலைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு அப்பாடா என்று இருந்தது. குழப்பம் தீர்ந்துவிட்டது பாருங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பத்திரிகைக் கட்டு வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை, வெளியூர் பத்திரிகைகளைத் தபாலில் போட நான் போஸ்டாபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தாதான், தலை நரைத்திருந்தது. உறைக்கு முத்திரை குத்தப் போனவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னம்மா, துக்க வீட்டுல இவ்வளவு சீக்கிரம் கல்யாணம் வைக்கிறீக? கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?"

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். அம்மா வெள்ளிக்கிழமை வந்து அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே மடித்து வைத்த காகிதத்தில், லைசென்ஸ்காரர் இறந்துவிட்டதால் இனி ரேடியோ வேண்டாம் என்று அவள் கையெழுத்தில் இருந்தது. இறந்த தேதி என்ன என்று குமாஸ்தா கேட்டாராம். அதையும் கீழே எழுதியிருந்தாள்.

அது, நான் பத்திரிகைக் கட்டோடு வீட்டுக்கு வந்த புதன்கிழமையின் தேதி.