எலும்புருக்கி என்று சொன்னேன்

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் செங்கோட்டைப் பக்கம், படித்தது திருவனந்தபுரத்தில். எலும்பு, மூட்டு சம்பந்தப்பட்ட நோய்ப் பெயர்கள் எல்லாம் எனக்கு இங்கிலீஷில்தான் மனப்பாடம். டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர். ஃப்ராக்சர், டிஸ்லொகேஷன், ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். அதை நோயாளிக்கு விளங்கச் சொல்வது என் பொறுப்பு. முறிவு, பிசகு, முடக்குவாதம் என்று ஊரில் பெயர் இருப்பவற்றில் சிரமமில்லை. இல்லாதவற்றுக்கு நானே சொல் தேடி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். கூடவே கணவன், மாமியார், புளியங்குடியிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா. நாலு மாதமாக நடுமுதுகில் வலி, சாயங்காலமானால் காய்ச்சல். டாக்டர் ஒரு தீப்பெட்டியைத் தரையில் போட்டு எடுக்கச் சொன்னார். அவள் குனியவில்லை. முதுகைப் பலகைபோல் நிமிர்த்தி வைத்தபடி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திருநெல்வேலியில் எடுத்த எக்ஸ்ரே வந்ததும் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "கேரீஸ் ஸ்பைன். முதுகெலும்பில் டிபி. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, யாருக்கும் தொற்றாது. ஊசியும் மாவுக்கட்டுப் படுக்கையும் போதும், நடந்துவிடுவாள். வீட்டாரிடம் சொல்லிவிடு" என்றார்.

வராந்தாவில் மாமியார் எழுந்து வந்தாள். கணவன் தூக்குச்சட்டியோடு பின்னால் நின்றான்.

"என்ன சீக்குன்னு சொல்லுதாரு நர்சம்மா?"

என் நோட்டில் அதற்கு ஒரு சொல் இருந்தது. எலும்பை உருக்கும் நோய். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன்.

"எலும்புருக்கி, ஆச்சி."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் அந்தப் பெயர் நெஞ்சு நோய்க்கு உரியது. இருமி, ரத்தம் கக்கி, தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துச் சாகிற நோய்.

"நெஞ்சுல இல்ல ஆச்சி, முதுகெலும்புலதான். யாருக்கும் ஒட்டாது. குணமாயிரும்."

"அதான் பேரச் சொல்லிட்டீயளே. எங்க வீட்ல சின்னப் பிள்ளையள்லாம் கெடக்கு நர்சம்மா."

நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அதற்குள் அவர் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அந்த அம்மாள் மருமகளின் கட்டிலருகே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியேறியிருந்தாள். சாயங்காலம் மாற்றுத்துணி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கணவனும் கூடப் போய்விட்டானாம். தூக்குச்சட்டி வராந்தாவிலேயே இருந்தது.

ஒன்பது மாதம் அவள் மாவுக்கட்டு அச்சுக்குள் மல்லாந்து கிடந்தாள். அம்மாக்காரி கூடவே இருந்தாள். தினமும் ஊசி போடுவது நான். இரண்டாவது வாரம் நான் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் படுத்தபடியே கேட்டாள்.

"அக்கா, அவங்கட்ட என்ன சொன்னீய?"

"ஒண்ணும் சொல்லலையே. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன்."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேலே உத்தரத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்கவேயில்லை. ஐந்தாம் மாதம் ஆய்க்குடியில் அவள் கணவனுக்கு வேறு கல்யாணம் ஆனதாகத் தகவல் வந்தது. அன்றும் ஊசிக்குக் கையை நீட்டினாள்.

அச்சைப் பிரித்தபோது நடுமுதுகில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. தானாக நடந்து போய்ப் புளியங்குடி பஸ்ஸில் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் தங்கைமாரோடு பெரிய அருவிக்குப் போவேன். பெண்கள் குளிக்கும் இடத்தில் ஈரச் சேலை ஒட்டிய முதுகுகளாக நிற்கும். என் கண் ஒவ்வொரு முதுகிலும் அந்தப் புடைப்பைத் தேடும். ஒருமுறை இருப்பதுபோல் தெரிந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தோளைத் தொட்டேன். யாரோ ஒருத்தி திரும்பி, "என்னக்கா?" என்றாள். கரைக்கு வந்துவிட்டேன். அருவிச் சத்தத்துக்குள் என் குரல் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டதும் அந்த வருஷம்தான். சொல் போகவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு பகலில் அவளே வந்தாள். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். நான் அம்மாவின் கையில் மாவுத்துணியைச் சுற்றினேன், அவள் வாளியைப் பிடித்துக்கொண்டாள். பாதியில் சுற்றுவதை நிறுத்தினேன்.

"அன்னைக்கு எலும்புருக்கின்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. மாமியாக்காரி போகும்போது எங்கிட்ட வந்து, 'எலும்புருக்கியாம்ட்டி, நர்சு சொல்லுதா'ன்னு சொல்லிட்டுத்தான போனா."

"பின்ன ஏன் எங்கிட்ட கேட்ட?"

"கட்டுக்குள்ள கெடக்கவளுக்கு யாரு நெசத்தச் சொல்லுவான்னு பாத்தேன். நீங்க சொல்லுவீயன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துணி நழுவாமல் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். மழைக்காலத்தில் கொஞ்சம் என்றாள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க அம்மா மட்டும் ஒரு உறவுக்காரனோடு வந்தாள். மகள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.