அம்மனிடம் கேட்ட குரல்

காரை விட்டு என்னால் இறங்க முடியவில்லை. ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் கட்டடம் எதிரே நிற்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இறங்கு என்று மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. சென்ற வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அது. அம்மனை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு தண்ணீர் ஃபில்டர் கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்ப் போனை எடுப்பதுதான் என் வேலை. ஒன்பது வருஷம். அவர்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரை நானே போய் உடைத்ததுபோலத் திட்டுவார்கள். என் இனத்தையும் பெற்றவளையும் இழுப்பார்கள். திருப்பி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்கள் மேசையில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி உண்டு, சிரித்துக்கொண்டே பேசுகிறோமா என்று பார்த்துக்கொள்ள. சிரித்தால் குரலில் தெரியுமாம். நானும் சிரித்தேன்.

என் கணவர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் நானும் மகள் யாழினியும்தான். அவளுக்குப் பதினாலு வயது. ஒருநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். நெருங்கிய கூட்டாளி அவளோடு பேசுவதை விட்டுவிட்டாளாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கணும். வேற ஏதாச்சும் உதவி வேணுமா?"

ஆபீஸ் குரல். முகத்தில் அதே சிரிப்பு. யாழினி என்னையே பார்த்தாள்.

"மா, நான் ஒன்னும் கஸ்டமர் இல்லலா," என்றாள்.

அன்றோடு என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பிட்டியா என்றால் ம். பஸ் வந்துச்சா என்றால் ம். முன்பெல்லாம் நான் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணப்பாள். அந்தத் தொணதொணப்புக்காக ஏங்கினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்காக ஏங்குவது பொல்லாத ஏக்கம். பேசலாம் என்று வாயைத் திறந்தால் அந்தப் பாழாய்ப்போன குரல்தான் வந்தது.

வெள்ளிதோறும் செமோர் கோயிலில் மாரியம்மன் முன்னால் நின்றேன். அங்கேயும் எனக்கு அதே சிரித்த முகம்! கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "தாயே, என் பிள்ளையோடு பேச என் சொந்தக் குரலைக் கொடு" என்று மட்டும் கேட்டேன். வாரங்கள் போயின. அம்மனும் என் போனைக் காத்திருப்பில் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஆடி வந்தது. கோயிலில் கூழ் ஊற்ற ஆள் கேட்டார்கள். நான் அகப்பை பிடித்தேன். யாழினி அரைமனதாக வந்து, பக்கத்தில் நின்று வெங்காயமும் மிளகாயும் எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் வந்த ஒருவரின் வேட்டியில் கூழ் சிந்திவிட்டது. தவறு என்னுடையதுதான்.

"கண்ணு தெரியலயா? முட்டாப் பொம்பளைங்கள நிக்க வச்சா இப்படித்தான்லா!"

"மன்னிக்கணும் அண்ணே. உங்க பொறுமைக்கு ரொம்ப நன்றி," என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் இன்னும் கத்தினார்.

"எங்கம்மாவ அப்படிப் பேசாதீங்க அங்கிள்!" என்றாள் யாழினி. அவர் அவள் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"நீ வாய மூடு!"

"எம் மகள இன்னொரு வார்த்த சொன்னீங்க, நடக்கிறதே வேற!"

கத்தியது யார் என்று நானே ஒரு கணம் திகைத்தேன். நான்தான். மகளோடு பேசத்தான் குரல் கேட்டேன், அம்மன் முதலில் அவளுக்காகக் கத்த வைத்தாள். அவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி சரி, ஊத்து தங்கச்சி," என்றார்.

ஊற்றிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் அழுதேன். எத்தனை வருஷத்து அழுகையோ! யாழினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"மா, பயங்கரமா கத்துனீங்க," என்று அழுகையோடு சிரித்தாள்.

அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். இது மன அழுத்தம், மறைக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். இப்போது ஆலோசகரைப் பார்த்து வருகிறேன். போனிலிருந்து மின்னஞ்சல் பகுதிக்கு மாற்றம் கேட்டேன், கிடைத்தது. எல்லாம் அம்மன் அருள். முழுதும் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். சில காலைகளில் இன்னும் நெஞ்சு படபடக்கும். யாழினி பேசுகிறாள், சண்டையும் போடுகிறாள். இன்னும் கொஞ்சம் பேசமாட்டாளா என்று ஏங்கத்தான் செய்கிறேன்.

ஹோட்டலிலும் கடையிலும் போனிலும் நாள் முழுதும் சிரிக்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, ஒரு வெள்ளிக்கிழமை அம்மனிடம் வாருங்கள். அழகாகக் கேட்க வேண்டியதில்லை. கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். அவளும் ஒரு தாய்தான். தாங்கிக்கொள்வாள்.