தேன்மொழி வீட்டுக் கறிவேப்பிலை

சிம்பாங் ரெங்கத்தில் தேன்மொழி வீட்டு முற்றத்தைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். கறிவேப்பிலை, செராய் என்கிற எலுமிச்சைப்புல், வாசனைக்குப் பாண்டான் இலை, மஞ்சள், மதிலோரம் ஒரு முருங்கை. ரசத்துக்கும் குழம்புக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. அவளோ விடியுமுன் செனாய் தொழிற்சாலைக்கு பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவள். எப்படித்தான் சமாளிக்கிறாய் என்று கோயிலில் யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"நான் ஒண்ணுமே செய்யறதில்லக்கா. நல்ல செடியா பாத்து வச்சா தானா வளரும் லா. தண்ணிகூட ஊத்துறதில்ல."

பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. மழையே பார்த்துக்கொள்கிறது என்றுதான் நம்பினாள். பாலோ பக்கம் எஸ்டேட் லயத்தில், பொதுக்குழாய்க்குச் சண்டை போட்டு வளர்ந்தவள். சொந்த மண், சொந்தச் செடி என்றால் கொஞ்சம் தலைக்கு ஏறத்தானே செய்யும்.

ஒரு நாள் காய்ச்சலோடு மதியமே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுத் தம்பிராஜா, பென்ஷன் வாங்கும் ஆபீஸில் கணக்கெழுதிய பழைய கிராணி, தனி ஆள், மதிலுக்கு மேல் கையை நீட்டி அவளுடைய கறிவேப்பிலையின் நுனிகளை வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரைத் தவிர தாமான் குடியிருப்பு முழுவதிடமும் சொன்னாள். "பாக்க பெரிய மனுசன், புத்தியப் பாருங்க." மதில்மேல் கம்பிவலை ஏறியது. கோரைப்பல் திருஷ்டிப் பொம்மை ஒன்று அவர் வாசலைப் பார்த்துத் தொங்கியது.

பிறகு மழையில்லாத மாதம் வந்தது. பாண்டான் மஞ்சளித்தது, செராய் காய்ந்து சருகானது, கறிவேப்பிலை இலையை உதிர்த்தது.

"அந்தக் கெழவர் கண்ணு வச்சே கொன்னுட்டாரு," என்று புலம்பினாள்.

லோரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் லெட்சுமணன் நிமிர்ந்தான்.

"அங்கிள்தான தேனு தினமும் அந்தப் பக்கத்துலேர்ந்து பைப்பு புடிச்சு தண்ணி அடிப்பாரு? நுனிய வெட்டி விட்டாத்தான் கிளைக்கும்னு வெட்டுறதும் அவர்தான். வெட்டுன இலைய எங்கிட்டதான் குடுப்பாரு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். வலை வந்தப்பறம்தான் நிறுத்திட்டாரு. அது எதுக்குன்னு கேட்டப்ப பூனைக்குன்ன!"

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தினமும் காலையில் அந்தப் பொம்மைக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார்.

மறுநாள் லீவு. காலையிலேயே அவர் வாசல் கேட் அருகே போய் நின்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அங்கிள், மன்னிச்சிருங்க. தெரியாம என்னென்னமோ பேசிட்டேன். பொம்மைய இப்பவே கழட்டிடுறேன்."

"வேண்டாம் பிள்ளை," என்றார் தம்பிராஜா மெதுவாக. "இப்ப கழட்டினால் ஏனெண்டு நாலு பேர் கேப்பினம். உங்களுக்குத்தான் வெட்கம். செடி தளிர்க்கட்டும், பிறகு பாப்பம்."

கள்ளன் என்ற பேரை இன்னும் கொஞ்ச நாள் சுமக்க அவர் தயார், அதுவும் அவளுக்காக. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு ஏறி, பொம்மையை அறுத்து இறக்கினாள். எதிர்வீட்டு வெள்ளையம்மா சும்மா இருப்பாளா? வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னாடி, கழட்டிட்ட? கெழவர் திருந்திட்டாரா?"

தேன்மொழிக்குப் பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் தம்பிராஜா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா தண்ணி ஊத்துனது அவர்தாங்க்கா," என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "நான் ஒண்ணுமே செய்யல."